மாசி மேகமும் மக்கர் லாரியும்

பிரபஞ்சத்திலுள்ள பொருள்களை ஸ்தாவரம், ஜங்கமம் என்று இரண்டு வகையாகப் பிரித்தார்கள் நம் முன்னோர்கள். இருந்த இடத்தில் இருப்பது ஸ்தாவரம். இடம் விட்டு இடம் பெயர்வது ஜங்கமம். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு என்பதைச் சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாம் அறிந்து கொண்டோம். பிறவியில் ஜங்கமமாயிருந்து, வாடகை முன்பணத்தையும் வாங்கிக் கொண்டு, புறப்பட வேண்டிய சமயம் பார்த்து ஸ்தாவரமாகி விடும் பொருள் அது. அதற்கு லாரி என்று பெயர்.

நாம் பள்ளிக்கூட உபாத்தியாயர். பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர். பதினெட்டு வருஷமாக டீஸல் எஞ்சினைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கி வருகிறோம். இதற்கென்று கலர் சாக்பீஸ் கூட உபயோகிப்பதுண்டு. நம் கரும்பலகை எஞ்சின்களில் ஒன்றாவது இதுவரையில் மக்கர் செய்தது கிடையாது. அப்பேர்ப்பட்ட அனுபவசாலி பக்கத்தில் நின்று கொண்டிருக்கும்போதே ஒரு லாரி கிளம்ப மறுத்தது என்றால், அதை அந்த லாரியின் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

சம்பவம் நடந்த இடம் கழுகுமலைக்குக் கிழக்கே, தார்ச் சாலையிலிருந்து இரண்டு மைல் விலகிய ஒரு புஞ்சை. கழுகுமலையை வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கொண்டே வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்டுப் போன வெட்டுவான் கோவில் அங்கே இருக்கிறது. பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி இருக்கிறார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இவற்றையெல்லாம் பார்த்து வியந்து, போட்டோ எடுத்துக் கொண்டு போய்விடுகிறார்கள். மலையைப் பார்த்தவர்கள் கீழே கிடக்கும் மண்ணைப் பார்ப்பதில்லை. நம்முடைய கதை அந்த மண்ணைப் பற்றியது.

கரிசல் மண்ணுக்கு இரண்டு சுபாவங்கள் உண்டு. காய்ந்திருக்கும்போது அதன் மேல் யானையை நடத்தலாம்; பாரம் ஏற்றிய லாரியையும் ஓட்டலாம். கோடையில் வெடித்துப் பிளந்து, விரலென்ன, முழங்கை வரையில் உள்ளே விடலாம் போலிருக்கும். ஆனால் ஒரு நல்ல மழை பெய்து விட்டதோ, அதே மண் பசையாகி விடும். பத்தடி நடப்பதற்குள் செருப்பின் அடியில் இன்னொரு செருப்பு முளைக்கும். அதற்கடியில் மூன்றாவது ஒன்று. லாரி அதில் சிக்கினால் சக்கரம் சுற்றச் சுற்றக் கீழேதான் போகுமே தவிர முன்னால் போகாது. பிறகு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்தாலொழிய அதை வெளியே எடுப்பது என்ற பேச்சே இல்லை.

இந்தப் புஞ்சை நம் தங்கையின் கணவருக்குச் சொந்தம். ஐந்து ஏக்கரிலும் மக்காச்சோளம் போட்டிருந்தார். கரிசலில் பருத்தியும் கம்பும் போட்ட காலம் போய், இப்போது கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் போடும் காலம் வந்திருக்கிறது. நாமக்கல் கோழிகளின் பசிதான் இப்போது கழுகுமலை சம்சாரியின் ஜாதகத்தை எழுதுகிறது என்றால் அது அதிகப்படியாகாது. 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு ஒரு வருஷத்து வெள்ளாமையைத் தின்றது. 2021 ஜனவரியில் அறுவடை சமயத்தில் பருவம் தப்பிப் பெய்த மழை இன்னொன்றைக் கொண்டு போயிற்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் ஜில்லாவிலுள்ள காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். இவ்வளவுக்கும் ஈடு கொடுத்தவை நம் தங்கையின் வளையல்களும் கழுத்துச் சங்கிலியும். அவை பாங்கியில் அடகிலிருந்தன. அந்த மாசி மாதத்தில்தான் முதல் தடவையாக அவற்றை மீட்டு விடலாம் என்ற நம்பிக்கை பிறந்திருந்தது. நூறு மூட்டைக்கு மேல் தேறியிருந்தது. வியாபாரியும் விலை பேசி முடித்து, ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: தானியம் ஈரம் படாமல் வந்து சேர வேண்டும். ஈரம் பட்ட சோளத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தில் விஷம் உண்டு. தீவன ஆலைக்காரர்கள் கையால் தொட மாட்டார்கள்.

லாரி வியாழக்கிழமை வந்து விட்டது. கதிரடிக்கும் யந்திரம் வரத் தாமதமானபடியால் இரண்டு ராத்திரி புஞ்சையிலேயே நின்றது. சனிக்கிழமை நாலு மணிக்கு மூட்டை ஏற்றி, தார்ப்பாய் கட்டி முடித்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன நாம் ஒரு மூட்டையின் மேல் கௌரவமாக அமர்ந்திருந்தோம். அப்போதுதான் தங்கை புருஷன் கிழக்கே பார்த்தார். கொண்டல் திரும்பியிருந்தது. வானத்தின் அடியில் ஓர் ஈயப் பலகை மாதிரி மேகம் படிந்து கிடந்தது.

"மாப்பிள்ளை, மாசியில் ஏது மழை?" என்று நாம் தைரியம் சொன்னோம்.

"மச்சான், தையிலே பெஞ்சுச்சே!" என்றார் அவர். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

*

டிரைவர் இருபத்தைந்து வயதுப் பையன், மரியாதை தெரிந்தவன். அவன் வழக்கமாக ஓட்டுவது புத்தம் புது லாரி. இந்த லாரிக்கு உரிய டிரைவர் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டபடியால் இரண்டு நாளைக்கு மாற்று ஆளாக வந்திருந்தான். இதுவோ இருபது வயது நிரம்பிய லாரி. அவன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உடனே பிடித்துக் கொண்டு கம்பீரமாக உறுமியது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். அரை நிமிஷம் ஓடியது. பிறகு இரண்டு தடவை இருமி விட்டு நின்று போயிற்று.

மறுபடியும் செல்ப் அடித்தான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை.

இந்த இடத்தில் நாம் மூட்டையிலிருந்து இறங்கினோம். இறங்காமலிருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி குறைந்திருக்கும்.

டீஸல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல் பொறி உண்டாக்கும் பிளக் கிடையாது என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அந்தச் சூடுதான் டீஸல் எஞ்சினின் ரகசியம். உள்ளே இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று அமுக்கினால் அதன் உஷ்ணம் 500 டிகிரிக்கு மேல் போய்விடும். அந்தச் சமயம் பார்த்து டீஸலைப் புகையைப் போல் பீய்ச்சினால் அது தானே தீப்பிடித்துக் கொள்ளும். ஆகவே, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் காற்றுக்கு உஷ்ணம் போதவில்லை என்று அர்த்தம். ஆகவே, விடாமல் சுற்றினால் உஷ்ணம் ஏறும். ஆகவே, எஞ்சின் பிடிக்கும். மூன்று 'ஆகவே'க்கள், மூன்றும் சாஸ்திரோக்தமானவை. "விடாமல் அடி, தம்பி!" என்று கட்டளையிட்டோம்.

பையன் நம் பட்டத்துக்கு மரியாதை கொடுத்து விடாமல் அடித்தான். முதலில் 'கிர்ர்ர்' என்று சுற்றியது. பிறகு 'கிர்... கிர்...' என்று சுற்றியது. பிறகு பாரவண்டி மாடு மேட்டில் முனகுவது போல் முனகியது. கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பாட்டரி படுத்து விட்டது.

ஒரு கரிசல் காட்டில், மழை மேகத்தின் கீழ், பத்து டன் பாரத்தோடு நிற்கும் லாரியில் இருக்கக் கூடிய ஒரே செல்வம் பாட்டரிதான். அதை ஐந்து நிமிஷத்தில் செலவழித்து விட்டோம். கோளாறு இன்னதென்று தெரிந்து கொள்ளாமலே செலவழித்து விட்டோம். தங்கை புருஷன் நம்மை ஒன்றும் சொல்லவில்லை. மரியாதைப்பட்டவர்கள் ஒன்றும் சொல்லாமலிருக்கும்போது மனுஷன் படும் பாடு பெரிது.

கோவிற்பட்டியிலிருந்த மெக்கானிக்குக்குப் போன் செய்தோம். காலையில் வருவதாகச் சொன்னார். உழவு டிராக்டரோ மத்தியானமே சங்கரன்கோவில் பக்கம் போயிருந்தது. அது இருந்திருந்தாலும் அதன் பாட்டரி உதவியிராது. லாரிக்கு வேண்டியது 24 வோல்ட், டிராக்டரில் இருப்பது 12. தள்ளிப் பார்க்கலாமென்றால் பத்து டன்னை யார் தள்ளுவது?

அப்போது கிளீனர் பையனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறாராம். நாற்பது வருஷம் லாரி ஓட்டி விட்டு இப்போது வெள்ளாடு மேய்த்துக் கொண்டிருக்கிறாராம். பையன் டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக் கொண்டு பறந்தான்.

*

வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். ஒல்லியான சரீரம், தோளில் துண்டு, காதில் பாதி பீடி. லாரியைப் பார்ப்பதற்கு முன் வானத்தைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். நாம் உபாத்தியாயர் என்று சொன்னார்கள்.

"ஸார்வாள் சொல்லித்தான் இவ்வளவு நேரம் அடிச்சானா?" என்று கேட்டார்.

கேள்வியில் கேலி எதுவும் இல்லை. விவரம் தெரிந்து கொள்ளத்தான் கேட்டார். ஆமென்று ஒப்புக் கொண்டோம்.

அவர் எஞ்சினைத் தொடவில்லை. எல்லா ஸ்விட்சுகளையும் அணைக்கச் சொன்னார். காபினில் எரிந்த சின்ன விளக்கைக் கூட விடவில்லை. "பாட்டரி மூச்சு வாங்கட்டும். முக்கா மணி நேரம் யாரும் சாவியைத் தொடப்படாது" என்றார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"முதல்லே பிடிச்சுதா, பிடிக்கவே இல்லையா?"

"பிடிச்சு அரை நிமிஷம் ஓடிச்சு, தாத்தா" என்றான் பையன்.

"செல்ப் அடிக்கையிலே பின்னாலே புகை வந்துதா?"

பையனும் நாமும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். நாம் முன்னால் நின்றோம். புகை பின்னால் வரும். கிளீனர்தான், "வரலே, தாத்தா. கொஞ்சம் கூட வரலே" என்றான்.

பெரியவர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டியதன் அர்த்தம் நமக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று. எஞ்சின் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீஸல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். நம் உஷ்ண சித்தாந்தம் அப்போதுதான் செல்லும். கரும்புகை வந்தால் டீஸல் ஜாஸ்தி, காற்றுக் குறைவு. புகையே வரவில்லை என்றால் டீஸல் உள்ளே போகவே இல்லை. எரிய ஒன்றுமில்லாத அடுப்பை நாம் ஐந்து நிமிஷம் ஊதிக் கொண்டிருந்திருக்கிறோம்! முதலில் அரை நிமிஷம் ஓடியதற்கும் இதுவே காரணம். பில்டரிலும் பம்பிலும் தங்கியிருந்த டீஸலைக் குடித்து விட்டு, மேற்கொண்டு வராததால் நின்றிருக்கிறது.

அடுத்தபடியாக அவர் பார்த்தது, எஞ்சினை நிறுத்துவதற்கு இழுக்கும் 'ஸ்டாப்' கம்பி. பழைய லாரிகளில் அந்தக் கம்பி உள்ளே திரும்பிப் போகாமல் சிக்கிக் கொண்டால் பம்பு டீஸலை விடாது. அது சரியாயிருந்தது. ஒரு சோளத் தட்டையை டாங்கியில் விட்டு எடுத்தார். பாதிக்கு மேல் நனைந்திருந்தது, டீஸல் இருக்கிறது. டாங்கி மூடியிலுள்ள சின்னத் துவாரத்தை வாயால் ஊதிப் பார்த்தார். அது அடைத்துக் கொண்டால் டாங்கிக்குள் காற்றுப் போகாமல் டீஸல் வர மறுக்கும். அதுவும் சரி. காசு செலவில்லாத பரீட்சைகளை எல்லாம் முதலில் முடித்துக் கொண்டார் என்பதைக் கவனித்தோம்.

பிறகு ஸ்பேனர் கேட்டார். பில்டரின் தலையிலுள்ள திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். பம்பின் பக்கவாட்டில் கையால் அமுக்குகிற ஒரு குமிழ் இருக்கிறது. கிளீனரை விட்டு அதை அமுக்கச் சொன்னார். பையன் அமுக்க அமுக்க, திருகாணியின் அடியில் சோப்பு நுரையைப் போல் டீஸல் பொங்கி வந்தது. பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழ்கள்.

"ஏர் பிடிச்சிருக்கு" என்றார் பெரியவர்.

ஏர் பிடிப்பதை லாரிக்காரர்கள் ஜலதோஷம் பிடிப்பதைப் போலச் சொல்கிறார்கள். ஆனால் விஷயம் சுவாரஸ்யமானது. நாசிலின் வாய் திறந்து டீஸல் பீய்ச்சுவதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் இருநூறு மடங்கு அழுத்தம் வேண்டும். டீஸல் அமுங்காத திரவம். ஒரு முனையில் தள்ளினால் மறு முனையில் அப்படியே உதைக்கும். காற்றோ அமுங்கும். குழாயில் ஒரு குமிழ் புகுந்து விட்டால் பம்பு தள்ளும்போதெல்லாம் அது பஞ்சு மெத்தையைப் போல் சுருங்கிக் கொடுத்து விட்டு, மறுபடியும் விரிந்து கொள்ளும். நாசில் வரைக்கும் உதை போய்ச் சேராது. அத்தனை பெரிய எஞ்சினைக் கடுகளவு காற்று கட்டிப் போட்டு விடும். நம் கரும்பலகைப் படத்தில் காற்று வரும் வழிக்கு நீலம், டீஸல் வரும் வழிக்குச் சிவப்பு என்று வைத்திருக்கிறோம். சிவப்பில் நீலம் கலந்தால் என்ன ஆகும் என்று பதினெட்டு வருஷத்தில் ஒரு மாணவன் கூடக் கேட்டதில்லை, நாமும் யோசித்ததில்லை.

ஏர் பிடித்தால் இப்படியே அமுக்கி அமுக்கிக் குமிழ்களை வெளியேற்றி விட்டால் சரியாகி விடுமாம். ஆனால் கிளீனர் நூறு தடவை அமுக்கியும் நுரை நிற்கவில்லை. பெரியவர் துண்டை உதறித் தலையில் கட்டிக் கொண்டார். "உள்ளே இருந்த காத்து இல்லே. புதுசா வந்துக்கிட்டே இருக்கு. எங்கேயோ உறிஞ்சுது" என்றார்.

கிழக்கே ஒரு மின்னல் வெட்டியது. சத்தம் கேட்க வெகு நேரம் ஆயிற்று. நாம் மனதிற்குள் வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்து, எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று கணக்குப் போட்டோம். நமக்கு அப்போது இருந்த ஒரே உபயோகம் அதுதான்.

*

டாங்கியிலிருந்து பம்பு வரைக்கும் வருகிற குழாய், லாரியின் வயிற்றுக்கடியில் வளைந்து வளைந்து வருகிறது. அதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது லேசல்ல. ஏனென்றால் அந்தக் குழாயில் டீஸல் தள்ளப்படவில்லை, உறிஞ்சப்படுகிறது. ஓட்டை இருந்தால் டீஸல் வெளியே சொட்டாது. காற்றுத்தான் உள்ளே போகும். வெளியே ஈரம் தெரியாத ஓட்டையை, அதுவும் இருட்டுகிற நேரத்தில், எப்படித் தேடுவது?

பெரியவர் தேடவில்லை. வழக்கை இரண்டாகப் பிளந்தார். ஐந்து லிட்டர் டீஸல் காணைக் காபினின் மேல் ஏற்றச் சொன்னார். அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை இறக்கி, டாங்கிக் குழாயைக் கழற்றி விட்டு நேராகப் பம்பில் மாட்டினார். இப்போது அமுக்கியபோது முதலில் கொஞ்சம் நுரை வந்தது. பிறகு குமிழே இல்லாமல், விளக்கெண்ணெய் வார்த்த மாதிரி சுத்தமாக வழிந்தது. ஆகவே பம்பு குற்றவாளியல்ல, பில்டரும் அல்ல. குற்றம் டாங்கிக்கும் பம்புக்கும் நடுவில். நம்முடைய மூன்று 'ஆகவே'க்களைவிட இந்த ஒரு 'ஆகவே' கெட்டியாயிருந்தது.

டார்ச் விளக்கோடு கிளீனர் வண்டிக்கடியில் படுத்துத் தவழ்ந்தான். இரும்புக் குழாயும் ரப்பர்க் குழாயும் சேருகிற இடத்தில், ரப்பரின் மேல் பக்கத்தில், பொடிப் பல்லால் கடித்த மாதிரி வரிசையாகத் தடங்கள் இருந்தன. ஒரு தடம் ஆழமாக உள்ளே இறங்கியிருந்தது. பக்கத்தில் நாலைந்து சோள மணிகளும், வேறு சில தடயங்களும். எலி! இரண்டு ராத்திரி லாரியைப் புஞ்சையில் நிறுத்தி வைத்ததற்கு அது வாங்கிய வாடகை.

பெரியவர் சைக்கிள் டியூப் கேட்டார். டி.வி.எஸ். 50-இன் பெட்டியில் பழைய டியூப் துண்டு ஒன்று இருந்தது. அதை நாடாவாகக் கத்தரித்து, எலி கடித்த இடத்தைத் துடைத்து, இழுத்து இழுத்துச் சுற்றி, முனையை மெல்லிய கம்பியால் முறுக்கினார். டாங்கிக் குழாயைத் திரும்ப மாட்டி அமுக்கச் சொன்னார். நுரை வந்தது, குறைந்தது, நின்றது. கொண்டு வந்த பீடியை அப்போதுதான் காதிலிருந்து எடுத்தார். இருபதடி தள்ளிப் போய்ப் பற்ற வைத்தார். "இன்னும் கால் மணி கிடக்கு, ஸார்வாள். பாட்டரி அதுக்குள்ளே கொஞ்சம் தேறிக்கிடும்" என்றார்.

இது உண்மைதான். பாட்டரியை அவசரமாக உறிஞ்சும்போது தகட்டை ஒட்டியுள்ள அமிலம் தீர்ந்து விடுகிறது. சும்மா விட்டால் தள்ளியிருக்கும் அமிலம் மெல்ல ஊறி வந்து சேரும். போன பலத்தில் ஒரு பங்கு திரும்பும். இதையும் நாம் படித்திருக்கிறோம். படித்தது ஞாபகத்துக்கு வந்த நேரம்தான் சரியில்லை.

கால் மணி நேரம் சும்மா இருப்பது போல் கஷ்டமான வேலை வேறில்லை. நம் மாப்பிள்ளை நடந்து கொண்டேயிருந்தார். காற்றில் மண் வாசனை வந்து விட்டது. எங்கேயோ மழை பெய்கிறது. பேச்சுக் கொடுப்பதற்காகப் பெரியவருக்கு ருடால்ப் டீஸலின் கதையைச் சொன்னோம். 1858-ல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். 1897-ல் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ராத்திரியில் காணாமல் போனார். பிறகு கடலில் பிரேதம் கிடைத்தது. 1900-ம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் அவர் வகை எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டினார்கள் என்று சொன்னபோது பெரியவர் சிரித்தார். கோவிற்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கும் சீமையில் வேறெப்படி?

"கடலை எண்ணெயா? இன்னைக்கு விலைக்கு ஒரு டாங்கி நிரப்பணும்னா லாரியைத்தான் விக்கணும்" என்றார்.

பிறகு அவர் தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போகவே, பஸ்களைக் கரிவாயுவில் ஓட்டினார்கள். மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் கம்பெனியார் அதற்கான யந்திரம் செய்து கொடுத்தார்கள். தகப்பனார் அப்படி ஒரு கரி பஸ்ஸில் வேலை பார்த்தவராம். விடியற்காலம் எழுந்து, பஸ்ஸின் பின்னாலிருக்கும் பீப்பாயில் கரியைக் கொட்டி, நெருப்பு மூட்டி, கையால் விசிறியைச் சுற்றி, வாயு சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் எஞ்சினைத் தொடுவாராம். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். "அப்பா சொல்லுவார், ஸார்வாள். வண்டியைக் கிளப்புறதுக்கு முன்னாலே அரை மணி வேலை. அது முடியாம கிளப்புனா நாள் பூரா வேலைன்னுவார்."

இளைஞன் இதையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்தான். அவன் பங்குக்குத் தன் புது லாரியைப் பற்றிச் சொன்னான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர்தான் அதிகாரி. கோளாறு வந்தால் கண்ணாடிப் பலகையில் ஒரு நம்பர் காட்டும். கம்பெனி ஆள் பெட்டியோடு வந்து அதைப் படிக்க வேண்டும். புகையைச் சுத்தம் பண்ண யூரியாத் தண்ணீர் தனியே ஊற்ற வேண்டும். "எங்க வண்டியிலே இந்த நாசில் பைப்பை இப்படித் தளர்த்தப்படாது, தாத்தா. ஆயிரம், ரெண்டாயிரம் பிரஷர்லே நிக்கும். விரலை வச்சா தோலைத் துளைச்சுக்கிட்டு உள்ளே போயிரும்." பெரியவர் வாயிலிருந்து பீடியை எடுத்து விட்டுக் கேட்டார். "அப்ப காட்டுக்குள்ளே நின்னுட்டா?" என்றார். "போன் போடணும்." "டவர் இல்லேன்னா?" பையன் பதில் சொல்லவில்லை.

புது லாரிகளைக் குறை சொல்லும் எண்ணம் நமக்கில்லை. பள்ளிக்கூட வாசலில் பழைய லாரி விடும் புகையில் இருமுகிற குழந்தைகளைத் தினந்தோறும் பார்க்கிறோம். ஆனாலும் புகை குறைந்த அளவுக்கு, ஸ்பேனரும் சைக்கிள் டியூப்பும் வைத்துக் கொண்டு மனுஷன் செய்யக் கூடிய காரியமும் குறைந்து விட்டது. இரண்டையும் ஒருங்கே கொடுக்க எஞ்சின் கட்டுகிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கழுகுமலைக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி லாரி நிற்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

*

"ரெண்டு தடவை அடிக்கலாம். மூணாவது கிடையாது" என்றார் பெரியவர்.

ஆறு நாசில்களுக்கும் போகும் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி வைத்தார். அவற்றில் மிச்சமிருக்கும் காற்றுக்கு முதல் தடவை. பையன் ஐந்து எண்ணும் வரையில் செல்ப் அடித்தான். எஞ்சின் சோம்பலாகச் சுற்றியது. நட்டுகளின் அடியில் துப்பினாற்போல் நுரையும் டீஸலும் வந்தன. "நிறுத்து!" நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். மறுபடியும் ஐந்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார். முதல் தூறல் நம் மூக்குக் கண்ணாடியின் மேல் விழுந்தது. மாப்பிள்ளை நடப்பதை நிறுத்தி விட்டார்.

இரண்டாவது தடவை. 'கிர்... கிர்... கிர்...' நாம் இந்த முறை பின்னால் போய் நின்று கொண்டிருந்தோம். புகைக் குழாயின் வாயில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வெள்ளைக் கீற்று. "புகை!" என்று கத்தினோம். ஒரு சிலிண்டர் இருமியது. இன்னொன்று தும்மியது. எஞ்சின் மூன்று காலால் நொண்டுவது போல் உதறிக் கொண்டு, சாகிறதா பிழைக்கிறதா என்று தெரியாமல் ஊசலாடியது. பெரியவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பையனின் தோளைப் பிடித்துக் கொண்டார். "விடாதே, விடாதே, மிதி!" ஆறும் ஒன்றாகப் பிடித்துக் கொண்டன.

சாலை போய்ச் சேருகிற வரையில் யாரும் பேசவில்லை. பெரியவரும் நாமும் காபினில் இருந்தோம். மாப்பிள்ளை மோட்டார் பைக்கில் முன்னால் வழி காட்டிப் போனார். வண்டிப் பாதையின் மேல் தோல் நனைந்து, டயருக்கடியில் லேசாக வழுக்க ஆரம்பித்திருந்தது. முன் சக்கரம் தாரில் ஏறிய சத்தத்தைப் போன்ற இனிமையான சங்கீதத்தை நாம் எந்த சபாவிலும் கேட்டதில்லை. தூரத்தில் மலைமேல் விளக்குத் தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கையையும் மறைக்காமல் சொல்லி விட வேண்டும். அன்று மழை பெய்யவில்லை. பத்து நிமிஷம் தூறி விட்டு, மேகம் அப்படியே மேற்கே போய்விட்டது. லாரி ராத்திரி முழுவதும் புஞ்சையில் நின்றிருந்தாலும் சோளத்துக்கு ஒன்றும் வந்திராது. மறுநாள் இதை நாம் பெரியவரிடம் சொன்னபோது, "அது நேத்து யாருக்குத் தெரியும்?" என்று கேட்டு விட்டு ஆட்டை ஓட்டிக் கொண்டு போனார். கொடுத்த பணத்தில் பெட்ரோல் காசுக்கு மட்டும் பையனிடம் கொடுத்து விட்டு, மீதியை வாங்க மறுத்து விட்டார். வாங்கியிருந்தால் நமக்குச் சௌகரியமாயிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாமக்கல்லிலிருந்து டிரைவர் போன் செய்தான். எடை போட்டாயிற்று, ஈரம் சரியாயிருக்கிறதாம். குழாயை மாற்றி விட்டாயா என்று கேட்டோம். இல்லை, சைக்கிள் டியூப் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, திரும்பி வரும்போது பார்த்துக் கொள்ளலாம் என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி விட்டு, "ஸார், அந்தத் தாத்தாவுக்குப் போன் நம்பர் இருக்குதா?" என்று கேட்டான்.